ஸ்பெயின் வாத்தியார் கேட்ட சொல்

அந்த மனுஷனை நான் இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். தங்கமான மனுஷர். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

தொன் அன்செல்மோ என்பது பெயர். ஸ்பெயினில் ஏதோ ஒரு பெரிய கல்லூரியில் வாத்தியார். உலகப் போர் முடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ஜூன் மாத வெயிலில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக எங்கள் ஊர்த்தலாய் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அவர்கள் ராஜாக்கள் எங்கள் சார்தீனியாத் தீவை நானூறு வருஷம் ஆண்டார்கள் அல்லவா, போகும்போது விட்டுவிட்டுப் போன சொற்களில் எங்கள் வாயில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று பொறுக்க வந்திருந்தார். எங்கள் பாட்டன்மாரிடம் வரியாகப் பிடுங்கிய கோதுமையைத் திருப்பித் தர வந்திருந்தால் மேளம் கொட்டி வரவேற்றிருப்போம். ஊரில் விருந்தாளி தங்குகிற மாதிரி ஒரு அறை சும்மா கிடந்தது என் வீட்டில்தான். கணவர் போன பிறகு நானும் என் மகன் பாக்கிஸும் மட்டும்தானே. ஊர்த் தலைவர் அவரை என் தலையில் கட்டிவிட்டார்.

வந்த அன்றே ஆரம்பித்துவிட்டார். ஜன்னலைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்றார்.

"வெந்தானா," என்றேன்.

"எங்க ஊர்லயும் வெந்தானாதான்!" மனுஷர் குழந்தை மாதிரித் துள்ளினார். "காத்துங்கிற சொல்லுலேர்ந்து பொறந்ததும்மா அது. காத்து வர்ற வழி."

"பின்ன, ஜன்னல் வழியா கழுதையா வரும்?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் ஸ்பானிஷில் பேசுவார், நாங்கள் எங்கள் பேச்சில் பேசுவோம், பாதிக்குப் பாதி புரியும். மீதியைக் கையும் முகமும் பார்த்துக்கொள்ளும். குழாயடியில் பெண்கள் என்னைக் கேலி பண்ணியே கொன்றார்கள். "ஏண்டி மல்லேனா, உன் வீட்டு வாத்தியாருக்கு நம்ம பேச்சு மேல அவ்வளவு ஆசைன்னா, நம்ம வாயாடிச் சூசன்னாளைக் கட்டி வச்சிரலாமே. அவ விடியறதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் பேசுவாளே!" நானும் சிரித்தேன். அந்த வாரம் நான் நிறையவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது கீழ்த்தெரு லாய் வீட்டில். வாழ்க்கைப்பட்டது மேல்தெரு முர்ரு வீட்டில். லாய் வீட்டுக்குத் தலைவர் என் அண்ணன் பொபோரே. முர்ரு வீட்டுக்குத் தலைவர் என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், தொத்தோனி. என் மகன் பாக்கிஸ் அவருடைய மந்தையில்தான் ஆடு மேய்த்தான். போன வசந்தத்தில் லாய் வீட்டுக் கிடா ஒன்று முர்ரு மந்தையில் கிடைத்தது, காதில் இருந்த அடையாள வெட்டு மாற்றி வெட்டப்பட்டிருந்தது. யார் வெட்டினார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அன்று முதல் இரண்டு வீட்டு ஆண்களும் தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதில்லை. மாதா கோயிலில் ஒருவர் இந்தப் பக்கம் நின்றால் மற்றவர் அந்தப் பக்கம்.

ஆனாலும் விஷயம் கைமீறிப் போகவில்லை. பங்குச் சாமியாரும் நானும் மாறி மாறி நடந்து இரண்டு பேரையும் ஓரளவுக்குக் கரைத்து வைத்திருந்தோம். செப்டம்பர் திருவிழாவில் மலைக்கோயில் முற்றத்தில் இருவரும் ஒரே கோப்பையில் ஒயின் குடிப்பதாகப் பேச்சு. அது வரைக்கும் யாரும் எதையும் கிளறாமல் இருந்தால் போதும். என் மகன் உயிரும் என் அண்ணன் உயிரும் அந்த ஒரு கோப்பையில்தான் இருந்தன. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொத்தோனி வாத்தியாரைச் சாப்பிடக் கூப்பிட்டார். நானும் பரிமாறப் போயிருந்தேன். சுட்ட ஆட்டுக்குட்டி, வெண்ணெய்க் கட்டி, ஒயின் என்று மேஜை நிறைந்திருந்தது. வாத்தியார் கத்தியைக் கேட்டார், கரண்டியைக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பெயர் வாங்கிக்கொண்டார். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார். "ரெண்டு வீடு ரொம்ப நாள் சிநேகமா இருந்துட்டுப் பிரிஞ்சு போச்சுன்னு வைங்க. அதுக்கு உங்க பேச்சுல என்ன சொல்வீங்க?"

மேஜையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

தொத்தோனி மூன்றாவது கோப்பையில் இருந்தார். விருந்தாளி முன்னால் தெரியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "எங்க தாத்தா காலத்துல ஒண்ணு இருந்துச்சு," என்றார். "பக்கத்து ஊர்க்காரங்களோட. அதுக்குப் பேரு திஸமிஸ்தாதே."

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர். "ஐயா, இது எங்க சொல்லு! அமிஸ்தாத்னா சிநேகம். அதுக்கு முன்னால ஒரு சின்னத் துண்டை ஒட்டி, சிநேகம் இல்லாமப் போறதுன்னு ஆக்குனது. எங்க ஊர்ல இதை இப்ப யாரும் சொல்றதில்லை, பழைய ஏடுகள்ல பார்க்கறதோட சரி. எங்ககிட்டச் செத்துப்போன சொல்லு உங்ககிட்ட உயிரோட இருக்கே!"

இருக்கிறது ஐயா, உயிரோடுதான் இருக்கிறது, எங்கள் பிள்ளைகளைத் தின்று தின்று வளர்ந்திருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஸ்பெயினில் இரண்டு பேருக்கு சிநேகம் விட்டுப்போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள் போலிருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்வதில்லை. இரண்டு வீடுகள் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கலாம், அது மனஸ்தாபம். ஆட்டைத் திருடலாம், கல்சுவரை இடிக்கலாம், அது சண்டை. ஆனால் ஒரு வீட்டுத் தலைவர் அந்தச் சொல்லை வெளியாள் ஒருவன் வாயில் கொடுத்து அனுப்பினால் கதை வேறு. இரண்டு வீட்டுக்கும் ஒட்டோ உறவோ இல்லாத ஆளாக இருக்க வேண்டும். ஓட்டைப் பாத்திரம் அடைக்க வருபவன், பிச்சைக்காரன், யாராவது. அவன் எதிர்வீட்டு வாசற்படியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். இன்னார் வீட்டில் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்பான். வீட்டுக்காரர் "கேட்டாச்சு" என்பார். அதற்கப்புறம் இரண்டு வீட்டு ஆண்களும் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும், விழுகிற உடலை எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாத்தியாரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஐயா, அந்தச் சொல்லை இந்த ஊர்ல இனிமே சொல்லாதீங்க. யார் வீட்லயும் கேக்காதீங்க. புரியுதா?"

"புரியுதும்மா, புரியுது," என்று தலையை ஆட்டினார். அது சோகமான சொல், அதனால் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. மண்டையில் எத்தனை மொழி இருந்து என்ன பிரயோஜனம்.

மறுநாள் நான் ரொட்டி சுடும் நாள். எங்கள் அப்பள ரொட்டியைச் சுட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அடுப்பில் உப்பி வருவதை எடுத்து, சூட்டோடு இரண்டாகப் பிளந்து, திரும்ப அடுப்பில் போட்டு மொறுமொறுவென்று ஆக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் கரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட இருந்தார்கள். வாத்தியார் எப்போது கிளம்பினார் என்று கவனிக்கவில்லை. மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். ஒரு ரொட்டியை எடுத்து ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கீழ்த்தெருவுல உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேம்மா. எவ்வளவு மரியாதையான மனுஷர்!"

"எதுக்குப் போனீங்க?" என்றேன்.

"ஒரு வீட்ல கேட்டதை இன்னொரு வீட்லயும் கேட்டுச் சரிபார்க்கணும், அதுதான் எங்க முறை. வாசல்ல நின்னு, 'தொத்தோனி முர்ரு வீட்ல திஸமிஸ்தாதேன்னு சொல்றாங்க, இங்க நீங்க என்ன சொல்றீங்க'ன்னு கேட்டேன்."

"தொப்பி?"

"தொப்பியா? கழட்டிட்டுத்தாம்மா நின்னேன். பெரிய மனுஷர் வீட்டு வாசலாச்சே."

"அவர் என்ன சொன்னாரு?"

"கேட்டாச்சுன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் பேசலை. அந்தச் சொல்லைக் கேட்டிருக்கேன்னு சொல்றாருன்னு எழுதிக்கிட்டேன்."

என் கூட இருந்த பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். மாவு அப்படியே கிடந்தது. அடுப்பில் இருந்தது கருகியது. நான் செருப்பைக் கூடத் தேடாமல் கீழ்த்தெருவுக்கு ஓடினேன்.

பொபோரே அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கொனாரியா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"அண்ணே! அந்தாளு சொல்லு பொறுக்க வந்த பைத்தியம்ணே! யாரும் அனுப்பலை. அவரா கேட்டாரு."

"தெரியும்," என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சுமா கேட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"என் மூணு பசங்களும் அங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க மல்லேனா. காபி குடிக்க வந்த மேய்ப்பனுங்க ரெண்டு பேரு நின்னானுங்க. அத்தனை பேர் முன்னாடி முர்ரு வீட்டுச் சொல்லு என் வாசல்ல வந்து நிக்குது. நான் காது கேக்காத மாதிரி மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நாளைக்கே என் பசங்களை ஊர்ல எவன் மதிப்பான்?"

"அதுக்காகக் கொன்னுக்கிட்டுச் சாவீங்களா?"

அவர் துணியை மடித்து வைத்தார். என் அண்ணன் அறிவு இல்லாதவர் இல்லை. அறிவு இருந்தும் ஒன்றும் ஆகவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு, நான் எந்தச் சொல்லும் அனுப்பலைன்னு தொத்தோனி ஒரு தடவை சொல்லட்டும். அவ்வளவுதான் எனக்கு வேணும். செப்டம்பர்ல கோப்பையை நானே நிரப்புறேன்."

அங்கிருந்து மூச்சிரைக்க மேல்தெரு ஏறினேன். தொத்தோனிக்கு அதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், நீங்க அனுப்பலைதானே?"

"நான் எங்க அனுப்புனேன்? சோறு போட்டேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்."

"அதையே ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல சொல்லிருங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"அனுப்பலைன்னு சொன்னா, அனுப்பிட்டுப் பயந்துபோய் வாபஸ் வாங்கிக்கிட்டான்னு சொல்லுவாங்க. முர்ரு வீட்ல எவனும் இதுவரைக்கும் வாபஸ் வாங்குனதில்லை. அந்தக் காது வெட்டுன பழியும் அதோட சேந்து எங்க தலையில விழும்."

"உங்க மீசையில மண்ணு ஒட்டக்கூடாதுன்னு என் பையன் சாகணுமா?"

"உன் பையன் மட்டும்தான் பையனா? வாயை அடக்கு."

வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு போனேன். என்ன நடந்தது என்று ஒருவழியாக அவருக்கு உறைத்திருந்தது. மனுஷர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். தொத்தோனி முன்னால் கையைக் கூப்பாத குறையாக நின்றார். "தப்பு என்னோடது ஐயா! நான் எழுதித் தர்றேன், ஊர் முன்னாடி வந்து சொல்றேன்!" தொத்தோனி அவருக்கு மரியாதையாக ஒயின் ஊற்றிக் கொடுத்தார். "உங்க மேல ஒரு வருத்தமும் இல்லைங்க. காலையில பஸ்ஸுக்குப் போயிருங்க," என்றார். கீழ்த்தெருவில் கதவே திறக்கவில்லை. சொல் கொண்டு வந்தவனை இரண்டாம் தடவை வாசலில் ஏற்றக்கூடாது. பூட்டிய கதவைப் பார்த்து ஸ்பானிஷில் என்னென்னவோ சொல்லி அழுதார். அந்த அழுகைக்கு எந்த ஊர்ச் சொல்லும் தேவைப்படவில்லை. காலையில் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்தது. தொத்தோனி வாசலில் நிற்காமல் நேராக வீட்டுக்கு நடந்தார். சாமியார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பொபோரே அண்ணன் ஆள் அனுப்பி என்னைக் கிணற்றடிக்கு வரச் சொன்னார். இனி நான் அவர் வீட்டுப் படி ஏறக்கூடாது அல்லவா. "தங்கச்சி, நல்லாக் கேட்டுக்க. பாக்கிஸ் என் மருமகன். என் மடியில மூத்திரம் போனவன். அவன் மேல என் பக்கத்துத் துப்பாக்கி எதுவும் திரும்பாது. பசங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டேன். ஊர்லயும் சொல்லிட்டேன். அவன் எங்க வேணும்னாலும் போகட்டும், வரட்டும்."

நான் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டேன். மூச்சு திரும்பி வந்தது. மற்றவர்கள் எப்படியோ போகட்டும், என் பிள்ளை பிழைத்தான் என்றுதான் நினைத்தேன். பெற்றவள் புத்தி அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பாக்கிஸைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். "மாமா நெசமாவே அப்படிச் சொன்னாராம்மா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

ஊரில் சொன்ன வார்த்தை தொத்தோனி காதுக்கும் போயிற்று. நான் அதை யோசிக்கவே இல்லை. லாய் வீட்டு ஆண்கள் யாரையும் கிட்டே அண்டவிடாமல் இருந்தார்கள், பொபோரே எங்கே போனாலும் இரண்டு பேர் கூடப் போனார்கள். அவர் பக்கத்தில் போகக்கூடிய ஒரே முர்ரு என் மகன்தான். தொத்தோனி அவனை மந்தைக்குக் கூப்பிட்டு என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அப்பன் இல்லாத பையன், அவர் போடுகிற சோற்றில் வளர்ந்தவன். நீ முர்ருவா லாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார். அது போதும்.

அந்த வாரம் முழுக்க பாக்கிஸ் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வெயில் என்றான். நானும் வெயில்தான் என்று நம்பினேன். மாமன் கொடுத்த சத்தியத்தை நினைத்து நினைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேனே, பாவி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். துப்பாக்கியை மூலையில் சாய்த்தான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"யாருடா?" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து கையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் திட்டு வாங்கும்போது அப்படித்தான் உட்காருவான். அதே நேரம் கீழ்த்தெருவில் கொனாரியாவின் ஒப்பாரி எழுந்தது. முதல் அடியில் என் அண்ணன் பெயர். இரண்டாவது அடியில் என் மகன் பெயர்.

நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். முர்ரு வீட்டு மருமகள் லாய் வீட்டுச் சாவுக்கு அழக்கூடாது. அழுதால் அது என் பிள்ளைக்கு எதிரான சாட்சி. கூடப் பிறந்தவன் செத்துக் கிடக்கிறான், ஒரு தெரு தள்ளி நான் துணியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"தனியாத்தான் இருந்தாரு," என்றான் பாக்கிஸ். "பட்டியில பால் கறந்துக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்துட்டுக் கூட இருந்த ரெண்டு பேரையும் ஆடு பாக்க அனுப்பிட்டாரு. எம் மருமகன் வர்றான், நீங்க போங்கடான்னாரு."

நான் ரொட்டியையும் வெண்ணெய்க் கட்டியையும் பையில் போட்டேன். மலைக்கு ஓட வேண்டும் அவன். போலீஸ் வருவதற்குள், அண்ணன் பிள்ளைகள் வருவதற்குள். கை தன்னால் வேலை செய்தது. கம்பளி மேலங்கியைத் திணித்தேன். ஒற்றைப் பிள்ளை. அவனைச் சபிக்க வாய் வரவில்லை, கட்டிக்கொள்ளக் கை வரவில்லை.

"பால் குடுத்தாரும்மா."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"அம்மா நல்லாயிருக்காளான்னு கேட்டாரு."

"நீ என்னடா சொன்ன?"

"நல்லாயிருக்கான்னு சொன்னேன்," என்றான்.